2010 கொறோலா, முன்சில்லில் டொக் டொக், 2,800 டொலர் கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், வேறு யாரும் வாசித்தாலும் விளங்கட்டும். கனடாவுக்கு வந்து எட்டு மாதம். வேலைக்குப் போக 2010 ரொயோட்டா கொறோலா ஒன்று 5,000 டொலருக்கு வாங்கியிருக்கிறீர்கள், 2 இலட்சத்து 30 ஆயிரம் கிலோமீற்றர் ஓடினது. றோட்டில் சின்னக் கிடங்கு வந்தாலும் முன்பக்கம் டொக் டொக் என்று அடிக்கிறது. ஸ்காபரோவில் ஒரு கராஜில் காட்ட, நாலு ஸ்ட்ரட் (துள்ளலை அடக்குகிற எண்ணெய்க் குழாய், ஸ்பிறிங்கோடு), இரண்டு கொன்ட்ரோல் ஆம் (சில்லைக் காரோடு பிணைக்கிற இரும்புக் கை), லிங்க், எலைன்மென்ட் (சில்லுகளின் கோணத்தை நேராக்குவது) எல்லாம் சேர்த்து 2,800 டொலர், வரி வேறு என்று சொல்லியிருக்கிறார்கள். இதைச் செய்வதா, இல்லை இணையத்தில் மலிவாகச் சாமான் எடுத்து எங்கேயாவது கொடுத்துப் பூட்டுவதா என்பது கேள்வி.

13 சதவீத வரியோடு அது 3,164 டொலர். அவ்வளவு தேவைப்படாது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் மலிவுச் சாமான் வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அந்த வழியில் போய் ஒரே வேலைக்கு இரண்டு தரம் கூலி கட்டினவன் நான். எது உண்மையில் தேய்ந்தது என்று சரியாகக் கண்டுபிடித்தால் பாதிக்குப் பாதி காசு தானாக மிஞ்சும்.

ரொறன்ரோவில் இந்தப் பழுது எல்லாருக்கும் வருவதுதான். தாரில் உள்ள வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி உறைகிறது, உறையும்போது ஒன்பது சதவீதம் அளவில் பருக்கிறது, பிறகு உருகுகிறது, திரும்ப உறைகிறது, மார்ச் மாதம் வர றோட்டெல்லாம் கிடங்கு. அதற்கு மேல் பனிக்காலம் முழுக்கக் கொட்டுகிற உப்பு. ஊரில் முப்பது வருஷம் பழைய காரின் அடியில் இருக்கிற ஆணி கையால் கழரும், இங்கே பத்து வருஷக் காரின் ஆணி கறள் பிடித்து, ஆணியும் சுரையும் ஒன்றாகவே ஒட்டிப்போயிருக்கும். கூலி கூடுவதற்கு பாதிக் காரணம் இந்தக் கறள்தான்.

அதனால் முதல் வேலை, இந்தச் சாமான்கள் எல்லாம் சேர்ந்த சஸ்பென்ஷனை விட்டுவிட்டு காரின் அடியைப் பாருங்கள். லிஃப்டில் ஏற்றும்போது நீங்களும் கீழே போய் நிற்கவேண்டும், விடமாட்டோம் என்று சொன்னால் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இஞ்சினைத் தாங்குகிற சப்ஃபிரேம், பக்கவாட்டில் ஜாக் வைக்கிற விளிம்பு, பின்பக்கத்து பீம், பிறேக் எண்ணெய் போகிற குழாய்கள். மேலே பழுப்பாகக் கறள் இருந்தால் பயமில்லை, எல்லாக் காரிலும் இருக்கும். ஸ்குரூட்றைவரால் தட்ட அடை அடையாக உதிர்கிறது, அல்லது ஓட்டை விழுகிறது என்றால் அந்தக் காருக்கு 800 டொலர் கூடச் செலவழிக்காதீர்கள், அடுத்த காருக்குச் சேருங்கள். விற்றவர் சேஃப்டி சான்றிதழ் எடுத்துத்தானே தந்தார் என்று கேட்பீர்கள். ஒன்ராறியோவின் அந்தச் சான்றிதழ், பரிசோதித்த நாளில் கார் குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. நம்பர் பிளேட் எடுப்பதற்கு அது 36 நாள் செல்லும். அதை உத்தரவாதம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் எங்கள் ஆட்களில் கனபேர்.

சரி, அடி நல்லாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது சத்தத்துக்கு வருவோம்.

மெதுவாகப் போகும்போது, சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் மட்டும் டொக் டொக் என்றால் பத்துக்கு ஏழு தரம் அது ஸ்வே பார் லிங்க், திருப்பத்தில் கார் சாயாமல் பிடிக்கிற ஸ்வே பாரை ஸ்ட்ரட்டோடு இணைப்பது. இரண்டு பக்கமும் சின்ன உருண்டை மூட்டு வைத்த ஒரு சாண் நீளக் கம்பி, அவ்வளவுதான். என்னுடைய பழைய சிவிக்கில் ஒருமுறை சில்லைக் கழட்டிவிட்டு அந்தக் கம்பியைக் கையால் பிடித்து ஆட்டினேன், விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது. நல்ல லிங்க்கை இரண்டு கையால் முறுக்கினாலும் இறுக்கமாகத்தான் அசையும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டங் என்று ஸ்பிறிங் தெறிக்கிற சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கிற மவுண்ட். பிறேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ஒரே ஒரு தரம் கனமாக இடித்தால் கொன்ட்ரோல் ஆமின் பின் புஷ், அந்த ரப்பர் கிழிந்திருக்கும். இனி, சில்லை நிலத்திலிருந்து தூக்கி, ஸ்டாண்ட் போட்டு, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், கொன்ட்ரோல் ஆமையும் சில்லையும் இணைக்கிற உருண்டை மூட்டான போல் ஜொயின்ட், அல்லது சில்லுப் பெயரிங். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்ட அசைந்தால், ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கிற ரை றொட். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள், அதை இரண்டு தரம் சொன்னாலும் தகும்.

ஸ்ட்ரட் போய்விட்டது என்று எப்படித் தெரியும்? எண்ணெய் வழிந்து தூசி ஒட்டி ஈரமாக இருக்கும், ஒரு மேட்டைத் தாண்டினால் கார் இரண்டு மூன்று தரம் துள்ளும், ரயர் ஒரே சீராகத் தேயாமல் கிண்ணம் கிண்ணமாகத் தேயும். இதில் ஒன்றும் இல்லாமல், கிலோமீற்றரை மட்டும் பார்த்து நாலும் மாத்தவேணும் என்று சொன்னால் எங்கே எண்ணெய் வழிகிறது, காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். முன்னுக்கு ஒன்று போனாலும் இரண்டையும் சோடியாக மாற்றவேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக்கூடாது. பின்னுக்கு எண்ணெய் வழியாவிட்டால் விட்டுவிடுங்கள். உங்கள் கொறோலாவின் பின்பக்கம் ஒரு குறுக்கு பீம்தான், முன்பக்கம் போல மூட்டுகள் இல்லை, பழுதாக அங்கே அதிகம் சாமானும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்கவேண்டியது, போல் ஜொயின்ட். அதில் ஆட்டம் கண்டால் சம்பளம் வரும்வரை பொறுக்காதீர்கள், கடன் அட்டையில் போட்டாவது செய்யுங்கள். என் கூட்டாளி ஒருவர் இரண்டு கிழமை கழித்துப் பார்ப்போம் என்று ஓடித்திரிந்தார். எல்ஸ்மியர் வீதியில் இடப்பக்கம் திருப்பும்போது மூட்டு கழன்று, சில்லு முறிந்த கால் மாதிரி வெளிப்பக்கம் மடிந்துபோய் நின்றது. திருப்பம் என்றபடியால் வேகம் குறைவு. 401 நெடுஞ்சாலையில் என்றால் இந்தக் கதையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இப்போது சாமான் விலை. நான் அண்மையில் வாங்கினதை வைத்துச் சொல்கிறேன், கொஞ்சம் முன்பின் இருக்கும். லிங்க் ஒன்று 25 முதல் 50 டொலர். போல் ஜொயின்ட் 40 முதல் 80. கொன்ட்ரோல் ஆம் முழுசாக 90 முதல் 180. ஸ்பிறிங், மவுண்ட் எல்லாம் பூட்டியே வருகிற ஸ்ட்ரட் ஒன்று 150 முதல் 250. கொன்ட்ரோல் ஆமில் ரப்பர் புஷ் மட்டும் கிழிந்திருந்தால் 20 டொலருக்குப் புஷ் வாங்கலாமே என்று தோன்றும். அதைப் பிறெஸ் வைத்து இடித்து எடுத்துப் புதுசு அடிக்கிற கூலி ஆமின் விலையைத் தாண்டிவிடும், முழு ஆமையே மாற்றுவதுதான் மலிவு. ஸ்ட்ரட்டும் அப்படித்தான். வெறும் ஸ்ட்ரட் மலிவு, ஆனால் பழைய ஸ்பிறிங்கை அமுக்கிக் கழட்டி மாற்றுகிற நேரத்துக்கும் கூலி உண்டு, அந்தப் பழைய ஸ்பிறிங்கும் உப்பில் அடிச்சுற்று அரித்து எப்போது முறியுமோ தெரியாது. வீட்டில் அதை நீங்களே செய்ய நினைக்கவே வேண்டாம். அமுக்காமல் நடுச்சுரையைக் கழட்டினால் அந்த ஸ்பிறிங் ஆளைக் கொல்லும்.

பெயர் தெரியாத கொம்பனியின் ஸ்ட்ரட் சோடி 140 டொலருக்கு வரும். அதைத்தான் நான் பூட்டினேன். முதல் நாளே கார் ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்து நின்றது, பழகினால் இறங்கும் என்று மெக்கானிக் சொன்னார். இறங்கவில்லை. பதினாலாவது மாதம் எண்ணெய் வழிந்தது. சாமானுக்கு வாழ்நாள் உத்தரவாதம் இருந்தது, புதுசு சும்மா தந்தார்கள், பூட்டுகிற கூலியும் எலைன்மென்டும் திரும்பவும் என் தலையில். சாமான் உத்தரவாதம் கூலிக்குப் பொருந்தாது என்பதை அன்றைக்குத்தான் படித்தேன். அதனால் நடுத்தரத்துக்குப் போங்கள். ஜப்பான் கார் என்றால் ஸ்ட்ரட்டுக்கு கே.வை.பி, ரொயோட்டா கார்களுக்கே ஷொக் செய்து கொடுக்கிற கொம்பனி. மொன்றோவும் பிழையில்லை. மூட்டுகளுக்கு மூக், அல்லது ரொறன்ரோவையே தலைமையிடமாகக் கொண்ட மெவோடெக். இதிலும் ஒரே கொம்பனி இரண்டு மூன்று தரத்தில் பெட்டி போடும், ஆகக் குறைந்ததை எடுக்காதீர்கள். லிங்க் ஒன்றில் மட்டும் மலிவு வாங்கினாலும் பரவாயில்லை, கெட்டால் அரைமணி வேலை.

எங்கே வாங்குவது? அமெரிக்காவின் றொக்ஓட்டோ இணையக் கடையில் விலை குறைவு, எல்லை வரியையும் சேர்த்தே காட்டும், ஆனால் ஸ்ட்ரட் பாரம், தபால் செலவு லாபத்தை விழுங்கிவிடும். ஒரே களஞ்சியத்தில் இருந்து வருகிற சாமான்களாகத் தெரிந்தால்தான் கட்டுப்படியாகும். பிழையான சாமான் வந்தால் திருப்பி அனுப்பும் செலவையும் யோசியுங்கள், கார் அதுவரை லிஃப்டில் தொங்கும். கனேடியன் ரயர் கடையில் சாமான் அடிக்கடி மலிவு விலையில் வரும், பிழையென்றால் அன்றைக்கே கொண்டுபோய் மாற்றலாம். கார் உடைக்கிற யார்டில் நீங்களே கழட்டி எடுக்கிற இடங்களும் உண்டு, அங்கே சில்லைத் தாங்குகிற நக்கிள், ஸ்வே பார் மாதிரி இரும்புத் துண்டு எடுக்கலாம். போல் ஜொயின்ட், ஸ்ட்ரட், புஷ் எடுக்கக்கூடாது, உங்களுடையது எவ்வளவு தேய்ந்ததோ அதுவும் அவ்வளவு தேய்ந்திருக்கும்.

நீங்கள் சாமான் கொண்டுபோனால் பல கராஜ்காரர் முகத்தைச் சுளிப்பார்கள், அவர்களில் பிழை இல்லை. சாமானில் அவர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது, அது இல்லாவிட்டால் கூலியைக் கூட்டுவார்கள், உத்தரவாதமும் தரமாட்டார்கள். நான் இப்போது செய்வது, கே.வை.பி ஸ்ட்ரட் போட்டு, கூலியோடு, வரியோடு என்ன விலை என்று மூன்று இடத்தில் கேட்பது. நகெற் அவெனியூ, புறோகிறஸ் அவெனியூ பக்கம் தட்டினால் கதவுக்குக் கதவு கராஜ், தமிழாட்களும் இருக்கிறார்கள். தமிழர் என்றதற்காகப் போகவும் வேண்டாம், விடவும் வேண்டாம். காசாகத் தந்தால் வரி இல்லை என்று சொல்வார்கள். பில் இல்லாவிட்டால் நாளைக்கு நீங்கள் அங்கே போனதற்கே சாட்சி இல்லை. ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எஸ்டிமேட் எழுத்தில் கேட்கலாம், கடைசி பில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது, பூட்டின புதுச் சாமானுக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. கழட்டின பழைய சாமானைத் தரச் சொல்லிக் கேளுங்கள். நான் எப்போதும் கேட்பேன், குப்பையில்தான் போடுவேன், ஆனால் கேட்கிற ஆள் என்று தெரிந்தால் வேலை ஒழுங்காக நடக்கும்.

ஒன்று மட்டும் மெக்கானிக்கிடம் தயங்காமல் சொல்லுங்கள். கொன்ட்ரோல் ஆமின் புஷ் ஆணிகளைக் கடைசியாக இறுக்குவது சில்லு நிலத்தில், காரின் பாரம் ஏறி நிற்கும்போது இருக்கவேண்டும். லிஃப்டில் சில்லு தொங்கும்போதே இறுக்கினால், கார் இறங்கின நேரத்திலிருந்து அந்த ரப்பர் முறுகியபடியே இருக்கும், வருஷம் முடிய முன்னம் கிழியும். அவசரத்தில் இதை விடுகிறவர்கள் உண்டு. நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபிக்கமாட்டார்.

உங்களுக்கு என் கணக்கு இப்படி. முதலில் இரண்டு லிங்க்கும் மட்டும், கூலியோடு 200 டொலர் வரும், எலைன்மென்ட் தேவையில்லை. சத்தம் நின்றால் நீங்கள் தப்பினீர்கள். நிற்காமல், எண்ணெயும் வழிந்தால் முன் ஸ்ட்ரட் சோடி. ஸ்ட்ரட்டைக் கழட்டும்போது லிங்க்கையும் கழட்டத்தான் வேண்டும் என்பதால் பழைய லிங்க்கைத் திருப்பிப் பூட்டவேண்டி வராது, அந்தக் காசும் வீண் போகாது. புஷ் கிழிந்திருந்தால் கொன்ட்ரோல் ஆமையும் ஸ்ட்ரட்டோடு அன்றைக்கே செய்யுங்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே எலைன்மென்ட், 100 டொலர் சொச்சம், அது ஒரு தரத்தோடு முடியும். எல்லாம் செய்தாலும் 1,500க்குள் அடங்கவேண்டும். பெரிய கிடங்கில் விழுந்துதான் உடைந்தது என்றால் நகரசபையிடம் நட்டஈடு கேட்கலாம், பத்து நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும், ஆனால் அந்தக் காசை நம்பி ஓடர் போடாதீர்கள்.

அவசரம் இல்லையென்றால் பனிக்கால ரயர் மாற்றக் கொடுக்கிற நாளிலேயே இதைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் கார் எப்படியும் லிஃப்டில் ஏறும், நாலு சில்லும் எப்படியும் கழரும், பார்க்கிறதுக்கென்று தனிக்காசு கேட்கமாட்டார்கள். அடிப்பக்கத்துப் படம் எடுத்தால் இங்கே போடுங்கள், கறளைப் பார்த்துச் சொல்கிறேன்.