ஆல்ப்ஸில் குரூமிங் செய்த பனிச்சறுக்குத் தடங்களில் மிகச் செங்குத்தானவற்றை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: கறுப்புத் தடங்களில் (மிகக் கடினம் என்று குறித்தவை) தைரியமாக இறங்குவீர்கள், மோகல் மேடுகள் (பலர் சறுக்கிச் சறுக்கிப் பனியில் குவியும் மேடுகள்) முழங்காலுக்கு ஒத்துவரவில்லை, ஆல்ப்ஸில் ஒரு வாரம் கையில் இருக்கிறது, இயந்திரம் ஓட்டிச் சமன்படுத்திய தடங்களில் எவை மிகச் செங்குத்து என்று தெரிய வேண்டும். பெயர்கள் மட்டும் போதுமென்றால் இணையத்தில் தட்டினாலே பத்துப் பட்டியல் வரும். அவற்றில் பாதி ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியவை. அதனால் எந்த எண்ணை நம்பலாம், எதை நீங்களே அளந்து பார்க்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் வண்ணத்தை மறந்துவிடுங்கள். ஆஸ்திரியா, ஜெர்மனி, இத்தாலியில் நீலத் தடம் 25 சதவீதச் சரிவு வரை, சிவப்பு 40 சதவீதம் வரை, அதற்கு மேல் எல்லாமே கறுப்பு. சின்னத் துண்டுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. 40 சதவீதம் என்பது வெறும் 22 பாகை. அதாவது 22 பாகையில் இருக்கும் தடமும் 38 பாகையில் இருக்கும் தடமும் வரைபடத்தில் ஒரே கறுப்புக் கோடுதான். பிரான்சில் இன்னும் மோசம். அங்கே வண்ணத்தை முடிவு செய்வது அந்தந்த மலையை நடத்துபவர்கள். ஓரிடத்துச் சிவப்பு இன்னோரிடத்துக் கறுப்பைவிடக் கடினமாக இருக்கும்.

சதவீதமும் பாகையும் வேறு வேறு. 100 சதவீதம் என்றால் 45 பாகை. நேர்க்குத்துச் சுவர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 60 சதவீதம் 31 பாகை, 70 சதவீதம் 35 பாகை, 78 சதவீதம் 38 பாகை. விளம்பரப் பலகைகளில் எப்போதும் சதவீதம்தான் இருக்கும், பெரிய எண்ணாகத் தெரியும் என்பதால்.

பலகையில் இருக்கும் எண் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அது தடத்தின் மிகச் செங்குத்தான ஓர் இடத்தின் எண். எத்தனை மீட்டருக்கு அந்தச் சரிவு நீடிக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. ஆஸ்திரியாவில் கிட்ஸ்புஹேலின் ஸ்டிரைஃப் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பனிச்சறுக்கு உலகக் கோப்பையின் டவுன்ஹில் (அதிவேக இறக்கப்) பந்தயங்களில் பேர்போனது. மௌசஃபாலே என்ற இடத்தில் 85 சதவீதம் தொடுகிறது. தடத்தின் நீளமோ 3,312 மீட்டர், இறக்கம் 860 மீட்டர். கணக்குப் போட்டால் சராசரி 27 சதவீதம்தான். ஜெர்மனியில் கார்மிஷ்-பார்டன்கிர்ஹனின் கண்டஹார் தடத்தில் ஃப்ரையர் ஃபால் என்ற துண்டு 92 சதவீதம். எண்ணை மட்டும் வைத்துப் போட்டி நடத்தினால் அதுவே ஜெயிக்கும். ஆனால் அந்தத் துண்டு உங்களுக்கு சில வளைவுகளில் முடிந்துவிடும்.

ஆகவே நான் பார்ப்பது ஒரே அளவுதான்: தொடர்ச்சியாக 100 மீட்டர் உயரம் இறங்கும் பகுதிகளில் மிகச் செங்குத்தானது எது, அதன் சராசரி என்ன. 60 சதவீதச் சரிவில் 100 மீட்டர் இறங்க ஏறக்குறைய 200 மீட்டர் தடம் வேண்டும். அந்த அளவுக்கு நீண்டால்தான் உடம்பு அதை உணரும். இரண்டாவது வளைவில் வேகம் ஏறும், ஐந்தாவதில் தொடை கெஞ்சும், இன்னும் பாதி மிச்சம் இருக்கும். இருபது மீட்டர் மட்டும் 80 சதவீதமாக இருக்கும் தடத்தைவிட நூறு மீட்டருக்கு 55 சதவீதம் விடாமல் போகும் தடம்தான் என் கணக்கில் செங்குத்து. இதை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் ருசி.

இதை வீட்டிலிருந்தே அளக்கலாம். 1:25,000 அளவில் உயரக்கோடுகள் உள்ள மலை வரைபடம் ஒன்று போதும். கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் வித்தியாசம் என்றால் ஐந்து இடைவெளிகள் சேர்ந்து 100 மீட்டர். (சில இத்தாலிய வரைபடங்களில் 25 மீட்டர், ஓரக்குறிப்பைப் பார்த்துவிடுங்கள், அப்போது நான்கு இடைவெளி.) தடத்தின் கோட்டின் மேலேயே ஸ்கேலை வைத்து அந்த ஐந்து இடைவெளிகளின் நீளத்தை அளக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் வந்தால் 50 சதவீதம். ஆறே முக்கால் என்றால் 60. ஐந்தை ஒட்டி வந்தால் நீங்கள் தேடுகிற 78, 80 வகை. பெரும்பாலான கறுப்புத் தடங்கள் அந்த அளவுக்கு வராது, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

தடத்தின் கோட்டின் மேலேயே என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சரிவுக்கு வண்ணம் பூசிய வரைபடங்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. அரசு வரைபட நிறுவனங்களான சுவிட்சர்லாந்தின் ஸ்விஸ்டோபோ, பிரான்சின் ஐஜிஎன் இரண்டும் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளை வண்ணமிட்டுக் காட்டுகின்றன. பனிச்சரிவு ஆபத்தைக் கணிக்க உருவானவை அவை. அழகாக இருக்கும், ஆனால் அவை காட்டுவது மலையின் சரிவை. 40 பாகை மலைப்பக்கத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும் தட்டையான பாதைகூட அதில் சிவப்பு நிறத்தில் கிடக்கும். தடம் உயரக்கோடுகளை நேராக வெட்டுகிறதா, சாய்வாக நழுவிப் போகிறதா என்று பார்க்காமல் வண்ணத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

ஓபன்ஸ்கிமேப் என்ற தளத்தில் ஒரு தடத்தைச் சொடுக்கினால் அதன் உயர வரைபடம் வந்துவிடும், சல்லடை போட அது போதும். அதற்கு அடிப்படையான ஓபன்ஸ்ட்ரீட்மேப் (தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த வரைபடம்) தரவில் குரூமிங் பற்றிய குறிப்பும் இருக்கும்: சமன் செய்வதா, மோகலாக விடுவதா என்று. யாரோ ஒரு தன்னார்வலர் இட்டதுதான், சில சமயம் பழையதாக இருக்கும். ஃபேட்மேப் என்ற மலை வரைபடச் செயலியை இன்னும் பல பழைய பதில்களில் பரிந்துரைத்திருப்பார்கள். உடற்பயிற்சிச் செயலி நிறுவனமான ஸ்ட்ராவா 2023-இல் அதை வாங்கி, 2024-இல் மூடிவிட்டது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

உயரத் தரவின் நுணுக்கமும் முக்கியம். முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற செயற்கைக்கோள் தரவில் குறுகலான செங்குத்துத் துண்டுகள் மழுங்கிவிடும். தடத்தின் ஓரத்தில் பாறை இருந்தால் அதன் சரிவும் தடத்தோடு கலந்துவிடும். லேசர் அளவீட்டுத் தரவு இருந்தால் அதையே எடுங்கள். சுவிட்சர்லாந்து அரை மீட்டர் நுணுக்கத்தில் 2021 முதல் இலவசமாகவே தருகிறது. அதுவும் பனி இல்லாத தரையின் அளவு. குளிர்காலத்தில் பள்ளம் நிரம்பி, மேடு சீவப்பட்டு, ஓரிரு பாகை முன்பின் ஆகும்.

நேரில் அளக்க ஆசை என்றால் போனைப் பனியில் வைக்காதீர்கள். இரவில் இயந்திரம் விட்டுப்போன வரிகள் சீப்பால் வாரியதுபோல் இருந்தாலும், போனின் நீளத்துக்குள் அவை இரண்டு மூன்று பாகை ஏமாற்றும். சறுக்குக் கோலைச் சரிவு வாக்கில் பனியில் படுக்க வைத்து, அதன் மேல் போனை வைத்து மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்தால் ஓரளவு சரியாக வரும். போனே வேண்டாம் என்றால் இரண்டு கோல் போதும். ஒன்றின் முனையைப் பனியில் ஊன்றி, கைப்பிடி பள்ளத்தாக்கைப் பார்க்க, மட்டமாக நீட்டுங்கள். மற்றொன்றைக் கைப்பிடிக்கு நேர்கீழே பனியில் நிறுத்துங்கள். மட்டக் கோலின் கைப்பிடி, நிற்கும் கோலின் எந்த உயரத்தில் வந்து இடிக்கிறதோ அதுவே சதவீதம். பாதி உயரத்தில் என்றால் 50, முக்கால் என்றால் 75. தடத்தின் ஓரமாக, மேலிருந்து வருபவர்கள் கண்ணில் படும் இடத்தில் நின்று செய்யுங்கள்.

சரி, சரிவு கிடைத்துவிட்டது. அது குரூமிங் செய்யப்படுகிறதா என்பது அடுத்த கேள்வி. பட்டியல்கள் சொதப்புவது இங்கேதான். அவோரியாஸுக்கு மேலே பிரான்ஸ்-சுவிட்சர்லாந்து எல்லையில் இருக்கும் ஷவானெத், சுவிஸ் சுவர் என்று பெயர் வாங்கியது, எல்லாப் பட்டியலிலும் முதலில் வரும். அதில் இயந்திரம் இறங்குவதில்லை. ஆள் உயர மோகல்கள்தான். உங்கள் முழங்காலுக்கு அது வேண்டாம்.

செங்குத்தான தடத்தில் சாதாரண குரூமிங் வண்டி ஏறினால் அதன் பட்டைகள் நழுவிப் பனியைக் கீழே தள்ளிவிடும். அதனால் வின்ச் பொருத்திய வண்டி வேண்டும். மேலே ஒரு நங்கூரத்தில் இரும்புக் கயிற்றைக் கட்டி, வண்டி அதைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும். கயிறு பொதுவாக ஆயிரம் மீட்டர் நீளம், இழுவிசை நான்கு டன்னுக்கு மேல். பகல் முழுக்க சறுக்குபவர்கள் கீழே சுரண்டித் தள்ளிய பனியை வண்டி இரவில் மறுபடி மேலே தள்ளிக் கொண்டுவருகிறது. இது நேரமும் செலவும் பிடிக்கும் வேலை. எனவே எல்லாச் செங்குத்துத் தடங்களும் தினமும் செய்யப்படுவதில்லை. மலையின் செயலியில் அன்று குரூமிங் ஆனவை குறிக்கப்பட்டிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் முதல் நாள் மாலை லிஃப்ட் ஊழியரிடம் கேளுங்கள். நேரடிக் கேமரா இருந்தால் காலையில் வரிகள் தெரிகின்றனவா என்று அதிலேயே பார்த்துவிடலாம்.

இன்னொன்று. லிஃப்ட் நின்ற பிறகு அந்தத் தடங்களில் இருக்கவே கூடாது. தளர்ந்து பனிக்கடியில் கிடக்கும் வின்ச் கயிறு ஒரே நொடியில் விறைத்து எழும்பும், இருட்டில் கண்ணுக்கும் தெரியாது. உயிர்போகும் ஆபத்து.

பெயர்களுக்கு வருகிறேன். மைர்ஹோஃபனில் ஹராகிரி 78 சதவீதம் என்று விளம்பரம். ஆஸ்திரியாவிலேயே செங்குத்தான குரூமிங் தடம் என்கிறார்கள். லெக்கில் இருக்கும் லாங்கர் ட்சூக் 80 என்று சொல்லப்படுகிறது. இருவரும் முதலிடம் கேட்பது அவர்கள் பாடு. பிரான்சில் வால் திசேரின் ஃபாஸ் த பெல்வார், 1992 ஒலிம்பிக் டவுன்ஹில் நடந்த தடம், 71 சதவீதம் வரை போகும். காலையில் இறங்குங்கள், பிற்பகலில் மேடுபள்ளமாகிவிடும். இத்தாலியில் மடோன்னா டி காம்பிலியோவில் ஸ்பினாலே டிரெட்டிஸ்ஸிமா 70 சதவீதம்.

ஒரு வாரம் ஒரே இடத்தில் என்றால் நான் இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளைத்தான் சொல்வேன். லா வில்லாவின் கிரான் ரிஸா, ஜயன்ட் ஸ்லாலம் (கம்பங்களுக்கிடையே வளைந்து இறங்கும்) பந்தயத் தடம்: உச்சச் சரிவு 69 சதவீதம், இறக்கம் 448 மீட்டர், சராசரி 36. ஸ்டிரைஃபின் 27 சதவீதத்தோடு இதை ஒப்பிட்டால் நான் சொல்ல வந்தது புரியும். எண்ணில் ஹராகிரிக்குக் கீழே, ஆனால் மேலிருந்து கீழ்வரை மூச்சு விடவே இடம் தராது. பக்கத்திலேயே கிரோன்பிளாட்ஸ் மலையில் பிகுலின் 72 சதவீதம் தொடுகிறது. அதே மலையின் எர்டா தடத்தில் 2017 முதல் பெண்களுக்கான உலகக் கோப்பை நடக்கிறது, அது 61. சில்வெஸ்டர், ஹெர்னெக் இரண்டும் நீளமான கறுப்புத் தடங்கள். எல்லாம் டோலமிட்டி சூப்பர்ஸ்கி என்ற ஒரே லிஃப்ட் பாஸில் அடக்கம். அந்தப் பாஸில் 12 பகுதிகள், ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தடங்கள்.

பந்தயத் தடங்களில் ஒரு சிக்கல்: போட்டிக்கு முன் அவற்றை மூடிவிடுவார்கள், பனிக்குள் தண்ணீர் செலுத்திக் கெட்டியாக்குவார்கள். போட்டி முடிந்து திறந்த பிறகும் சில நாள் அது கண்ணாடிதான். கிரான் ரிஸாவுக்கு டிசம்பர், கிட்ஸ்புஹேலுக்கும் எர்டாவுக்கும் ஜனவரி. அந்த வாரங்களைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள்.

அப்புறம் நேரம். முதல் லிஃப்டில் ஏறியதும் நேராகச் செங்குத்துத் தடத்துக்குப் போகாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள், உடம்பு சூடாகட்டும் என்று. ஒரு சிவப்புத் தடம் இறங்கிவிட்டு உடனே போங்கள், அதற்கு மேல் தாமதித்தால் மேல்பரப்பைச் சுரண்டி அடியில் இருக்கும் ஐஸை வெளியே கொண்டுவந்திருப்பார்கள். முந்தின நாள் வெயிலில் உருகி இரவில் உறைந்த சரிவு மட்டும் விதிவிலக்கு. அதில் கொஞ்சம் வெயில் படும்வரை காத்திருப்பதே மேல். எட்ஜ்களை (சறுக்குப் பலகையின் உலோக ஓரங்களை) முதல் நாள் இரவே தீட்டி வையுங்கள். 35 பாகையில் கெட்டிப் பனியில் விழுந்தால் தானாக நிற்காது. கால்களைக் கீழ்ப்பக்கம் திருப்பி, குப்புறப் புரண்டு, கைகளை ஊன்றி உடலை மேலே தள்ளிப் பூட்ஸ் முனையால் பிரேக் பிடிக்க வேண்டும். இதை முதலில் ஒரு நீலத் தடத்தின் ஓரத்தில் வேண்டுமென்றே விழுந்து பழகிக்கொள்ளுங்கள்.