அண்ணாச்சியைக் கேளுங்க: கசவு சேலையும் நீலம் போட்ட வேட்டியும்

அண்ணாச்சி, ஒரு கல்யாணம் எடுத்தேன், பொண்ணு ஆரியங்காவு பக்கம், மாப்பிள்ளை நம்ம பக்கம். படம் எடிட் பண்ற லைட்ரூம் சாஃப்ட்வேர்ல, கலரைச் சரி பண்ற வொயிட் பேலன்ஸ் டிராப்பரை பொண்ணோட கசவு சேலை மேல வச்சு கிளிக் பண்ணினா முகமெல்லாம் நீலம் பாஞ்சு போவுது. சரின்னு மாப்பிள்ளை வேட்டி மேல வச்சா எல்லாரும் மஞ்சக்காமாலை வந்தவங்க மாதிரி ஆயிடுறாங்க. எதுதான் சரி?
*வாசகர், புளியரை*

ரெண்டும் சரியில்ல தம்பி, ஏன்னா ரெண்டுமே வெள்ளை கிடையாது. அந்த டிராப்பர் என்ன பண்ணுதுன்னா, நீங்க தொட்ட இடம் எந்தக் கலரும் கலக்காத சாம்பல்னு அதுவா நினைச்சுக்கிட்டு சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் அங்க சமமாக்கிடும், அதுக்கு எவ்வளவு தள்ளணுமோ அவ்வளவு மொத்தப் படத்தையும் சேர்த்துத் தள்ளிடும். கசவு சேலை வெளுக்காத பருத்தி நூல்ல நெய்யிறது, அந்த சந்தன நிறம்தான் அதுக்கு அழகே. அந்த லேசான மஞ்சளைக் குறைன்னு எடுத்துக்கிட்டு சாஃப்ட்வேர் நீலத்தைக் கொட்டுது, அது முகத்துலயும் விழுது. வேட்டி கதை நேர் எதிர். நம்ம வீடுகள்ல வேட்டிக்கு சொட்டு நீலம் போடாம விடுவாங்களா, வெளுப்பு கூட்டுற கெமிக்கல் வேற சோப்புத்தூள்லயே இருக்கு, அது வெயில் பட்டா நீலமா அடிக்கும், அதை சாம்பல்னு நம்பினா மஞ்சளை ஏத்தாம வேற என்ன பண்ணும்?

இனிமே கலரே கலக்காத சாம்பல் அட்டை, கிரே கார்டுன்னு ஒண்ணு வாங்கி பையில போட்டுக்கோங்க, பெரிய விலையில்ல. பொண்ணு மேடைக்கு வந்ததும் அது கையிலயே குடுத்து முகத்துக்குப் பக்கத்துல பிடிக்கச் சொல்லி ஒரு படம், லைட் மாறும்போதெல்லாம் இன்னொண்ணு, அப்புறம் கார்டு மேல கிளிக் பண்ணி மத்த படங்களுக்கும் அதே அளவு போற மாதிரி சிங்க் குடுத்துட்டா வேலை முடிஞ்சுது. இந்தக் கல்யாணத்துக்குக் கார்டு இல்லைல்லா, அதனால நம்பரைப் பாருங்க. கர்சரை கன்னத்து மேல கொண்டு போனா வெளிச்ச அளவைக் காட்டுற ஹிஸ்டோகிராம் கிராஃபுக்குக் கீழ சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் தனித்தனி சதவீதம் ஓடும். நம்ம ஆளுங்க தோல் எந்த நிறமா இருந்தாலும் சிவப்பு கூட இருக்கும், பச்சை நடுவுல, நீலம் கம்மி. நீலம் பச்சையை எட்டிப் பிடிச்சுதுன்னா டெம்பரேச்சரை மஞ்சப் பக்கம் நகத்துங்க, பிறகு சேலை மேல வச்சுப் பாருங்க, அங்கயும் நீலம் கொஞ்சம் கம்மியாதான் வரணும், மூணும் சமமா நின்னுச்சுன்னா அது கசவு இல்ல.

இன்னொண்ணு, உங்க டெம்பரேச்சர் ஸ்லைடர்ல 5500ன்னு கெல்வின் கணக்கு காட்டுதா, இல்ல மைனஸ் 100ல இருந்து பிளஸ் 100 வரைக்கும்தான் காட்டுதா? ரெண்டாவதுன்னா நீங்க எடுத்தது ஜேபெக், கேமராவே கலரை முடிவு பண்ணிக் குடுத்துடுச்சு, ரொம்ப இழுத்தா தோல் திட்டுத்திட்டா ஆயிடும். பந்தல் வாசல்ல வாழைமரத்தை ஒட்டி நின்ன படங்கள்ல முகத்துல பச்சை ஏறியிருக்கும், அதை மொத்தப் படத்துக்கும் சரி பண்ணாதீங்க, முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, டின்ட்டை மெஜந்தா பக்கம் தள்ளுங்க.

சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்துல எடுத்த படத்துல பூ பூரா மஞ்சளா அப்பிக்கிட்டு இருக்கு, ஒரு இதழ் தனியா தெரியல. ஆனா ஹிஸ்டோகிராம் நல்லாதானே இருந்துச்சு?
*வாசகி, தென்மலை*

நீங்க பார்த்தது மூணு கலரையும் சேர்த்துப் போட்ட வெள்ளை கிராஃபா இருக்கும்மா, அது இந்த விஷயத்துல ஏமாத்தும். மஞ்சள்னா சிவப்பும் பச்சையும் உச்சத்துல, நீலம் தரையில. மூணையும் கலந்து பார்க்கும்போது சுமாரா தெரியும், ஆனா சிவப்பு மட்டும் எப்பவோ சுவத்துல முட்டி நின்னிருக்கும். ஜேபெக்ல ஒரு கலருக்கு 256 படிதான், சிவப்பு 255ல போயி எல்லா இதழும் நின்னுட்டா ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் எங்கிருந்து வரும்? கேமரா கலரை முடிவு பண்ணாம அப்படியே குடுக்கிற 14 பிட் ராவா இருந்தா 16,384 படி, அங்க எக்ஸ்போஷரை இறக்கினா கொஞ்சம் மீளும். இப்போதைக்கு ஒவ்வொரு கலரையும் தனியா மாத்துற ஹெச்எஸ்எல்ல மஞ்சளோட சாச்சுரேஷனையும் (கலரோட அழுத்தம்) லூமினன்ஸையும் (அதோட வெளிச்சம்) ரெண்டையுமே குறைச்சுப் பாருங்க, கூடவே வைப்ரன்ஸ் ஏத்தியிருந்தா அதைச் சுத்தமா எடுத்துடுங்க. அடுத்த சீசன்ல மூணு கலரையும் தனித்தனியா காட்டுற ஹிஸ்டோகிராமை கேமராவுல ஆன் பண்ணிக்கிட்டு, முக்கால் ஸ்டாப் இருட்டாவே எடுங்க. ஆடி மாசத்துல அங்க கேரளா வண்டி நிக்கிற நெரிசல்ல நின்னு நிதானமா பார்க்க முடியுமாங்கிறது வேற விஷயம்.

பொண்ணு வீட்டுக்காரங்க "கொஞ்சம் கலரா பண்ணிக் குடுங்க"ங்கிறாங்க. மாட்டேன்னா அடுத்த ஸ்டுடியோவுக்குப் போயிடுவாங்க. என்ன பண்ண?
*ஸ்டுடியோ வச்சிருக்கும் வாசகர், செங்கோட்டை*

எனக்கு இது புடிக்காத வேலை, ஆனா உங்க பிழைப்பையும் பார்க்கணும். அவங்க கேக்கிறது பாதி நேரம் வெளுப்பே இல்ல தம்பி, முகத்துல வெளிச்சம் பத்தலங்கிறதைத்தான் அப்படிச் சொல்றாங்க. மேல இருந்து விழுற பந்தல் லைட்டுல கண்ணுக்குக் கீழயும் மூக்குக்குக் கீழயும் இருட்டு அடையும், அந்த இடத்துல மட்டும் பிரஷ் எடுத்து ஷேடோவைத் தூக்கிப் பாருங்க, பாதிப் பேரு அதோட திருப்தியாயிடுவாங்க. அதை விட்டுட்டு ஆரஞ்சு லூமினன்ஸை வாரி ஏத்தினீங்கன்னா முகத்தோட சேர்ந்து கழுத்துல கிடக்கிற தங்கமும் வெளிறிப் போவும், காசு குடுத்து வாங்கின நகை பித்தளையா தெரிஞ்சா முதல்ல சண்டைக்கு வர்றதும் அதே வீட்டுக்காரங்கதான். முகத்தை மட்டும் மாஸ்க் போட்டு வெளுத்தா மருதாணி போட்ட கை காட்டிக் குடுத்துடும். தோலை ப்ளர் போட்டு வழிக்கிறதும் வேண்டாம், பருவை ஹீல் பிரஷ்ல எடுங்க, மச்சத்தை விட்டுடுங்க. ரெண்டு விதமா பண்ணி 4க்கு 6 சைஸ்ல பிரிண்ட் எடுத்து பொண்ணு கையிலயே குடுங்க, மாமா சித்தப்பா கையில இல்ல.

கழுதுருட்டி 13 கண் ரயில் பாலம் எடுத்தா தூணெல்லாம் மேல போகப் போக உள்ள சாயுது.
*வாசகர், புனலூர்*

கீழ ரோட்டுல நின்னு கேமராவை அண்ணாந்து பிடிச்சா அப்படித்தான் வரும். லைட்ரூம்ல டிரான்ஸ்ஃபார்ம்ல வெர்ட்டிகல் ஸ்லைடரை நகத்துங்க, ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், அதுக்கு இடம் விட்டு எடுங்க.

காசு இல்லாம எடிட்டிங் படிக்க எந்த சாஃப்ட்வேர்?
*கல்லூரி மாணவர், தென்காசி*

கம்ப்யூட்டர் இருந்தா ராவுக்கு டார்க்டேபிள், வெட்டி ஒட்டுறதுக்கு 1996ல இருந்து இருக்கிற ஜிம்ப், ரெண்டும் இலவசம். ஃபோன்னா ஸ்னாப்சீட். கிராக் வெர்ஷன் வேண்டாம் தம்பி, வைரஸ் வந்து ஹார்ட் டிஸ்க்கோட கஸ்டமர் படமும் போச்சுன்னா யாரு பதில் சொல்றது.

ஸ்கிரீன்ல பளிச்சுன்னு இருக்கு, ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்தா இருட்டா மங்கலா இருக்கு. லேப்காரர் என் ஃபைல்தான் தப்புங்கிறாரு.
*வாசகர், அச்சன்கோவில்*

இருட்டுக்கும் மங்கலுக்கும் காரணம் வேற வேற. மானிட்டர் பிரைட்னஸை முழுசா வச்சு எடிட் பண்ணினா படம் வெளிச்சமாதான் தெரியும், நீங்களும் திருப்தியா இருட்டாவே விட்டுடுவீங்க. பிரைட்னஸை நல்லா இறக்கி, ஒரு வெள்ளைப் பேப்பரை ஸ்கிரீன் பக்கத்துல பிடிச்சு ரெண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமா தெரியிற வரைக்கும் கொண்டு வாங்க. கலர் மங்கினா எக்ஸ்போர்ட்ல கலர் கணக்கு அடோபி ஆர்ஜிபின்னு கிடக்கான்னு பாருங்க, லேப் எஸ்ஆர்ஜிபிங்கிற வேற கணக்கைக் கேட்டிருந்தா அப்படித்தான் செத்துப் போய் வரும். 12க்கு 36 இஞ்ச் ஷீட்டுக்கு 300 டிபிஐல (இஞ்சுக்கு 300 புள்ளி) 3600க்கு 10800 பிக்சல் வேணும். ஃபைலை லேப்புக்கு வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பியிருந்தா இந்தக் கேள்வியே வேண்டாம், அது படத்தைச் சுருக்கிடும், டிரைவ்ல ஏத்துங்க இல்ல டாக்குமெண்டா அனுப்புங்க. மொத்த ஆல்பமும் ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஷீட் சாம்பிள் கேளுங்க, லேப்காரர் முணுமுணுத்தாலும் பரவால்ல.