இந்திய ஹாக்கி வீராங்கனை ராணி ராம்பால் அடித்த கோல்களில் எதை முக்கியமானதாகச் சொல்வீர்கள்? 2010 உலகக் கோப்பையில் அடித்ததா?

2010 ரொசாரியோ உலகக் கோப்பையில் 15 வயதில் 7 கோல் என்பது பெரிய விஷயம்தான். ஆனாலும் நான் கை காட்டுவது 2019 நவம்பர் 2, புவனேஸ்வர், கலிங்கா மைதானத்தில் 48-வது நிமிடத்தில் விழுந்த கோலை.

டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச்சுற்று அது. அமெரிக்காவுடன் அடுத்தடுத்த நாள்களில் இரண்டு ஆட்டம். கோல்களைக் கூட்டிப் பார்த்து அதிகம் வைத்திருப்பவருக்கு இடம். முதல் நாள் 5-1 என்று ஜெயித்த தெம்பில் இருந்த இந்தியா, மறுநாள் இடைவேளைக்குள் நான்கு கோல் வாங்கிவிட்டது. கணக்கு 5-5. அப்படியே முடிந்திருந்தால் ஷூட் அவுட், அதாவது ஒருவர் பின் ஒருவராக வந்து கோல்கீப்பரை மட்டும் தாண்டி கோல் அடிக்கும் போட்டி. அதில் கோல்கீப்பர் தனியாக மாட்டிக்கொள்வார், என்ன வேண்டுமானாலும் நடக்கும்.

ஹாக்கியில் கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் 14.63 மீட்டர் வட்டத்துக்குள் தாக்கும் அணியின் மட்டை பந்தில் பட்டால்தான் கோல் செல்லுபடியாகும். வெளியிலிருந்து நேரே அடித்து உள்ளே போனாலும் பலனில்லை. அதனால் தடுப்பவர்கள் வட்டத்தின் விளிம்பிலேயே நெருக்குவார்கள். பந்தை நிறுத்தி, பார்த்து, அடிக்க அவகாசம் இருக்காது. ராணி அந்த விளிம்பை ஒட்டி, கிடைத்த நொடியில் அடித்தார். ஆட்டம் 1-4 எனத் தோல்வி, மொத்தத்தில் 6-5 என டோக்கியோவுக்கு இடம்!

36 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இந்தியப் பெண்கள் அணி போன 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒரு வெற்றிகூட இல்லை. டோக்கியோவிலோ ராணி தலைமையில் காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என வீழ்த்தி (அந்தக் கோல் குர்ஜித் கவுருடையது) நான்காம் இடம். 2024 அக்டோபரில் ராணி ஓய்வு பெற்றார். அவருடைய 28-ம் எண் சட்டைக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.