விளம்பர கேம் செய்யும் ஸ்டூடியோவில் எழுத்தாளருக்கு என்ன வேலை?

சிறுகதை எழுதுகிறீர்கள், பிராண்டுகளுக்கு கேமும் இன்டராக்டிவ் வீடியோவும் செய்து தரும் டிஜிட்டல் ஸ்டூடியோ ஒன்றில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், அங்கே போனால் எழுத ஏதாவது இருக்குமா, வெறும் கேப்ஷன் போடும் வேலைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். சென்னையில் அப்படி ஒரு சின்ன ஸ்டூடியோவில் 6 வருடமாக எழுதுகிறேன், மனசுக்குப் பிடித்த வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கிளையன்ட் நம்மிடம் வரும்போது ஒரு பெயர்ச்சொல்லைத்தான் கொண்டுவருவார். கார், பர்கர், சோப்பு. அதற்கேற்ற வினைச்சொல்லைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. பார்க்கிறவர் தன் கையால் என்ன செய்யப்போகிறார்? பொருள் நிஜத்தில் செய்கிற வேலையும் அவர் விரல் செய்கிற வேலையும் ஒன்றாகிவிட்டால் லோகோவை எங்கேயும் திணிக்க வேண்டியதே இல்லை.

2010இல் டிப்-எக்ஸ் என்ற ஒயிட்னருக்காக பஸ்மேன் என்ற பிரெஞ்சு ஏஜென்சி யூடியூபில் ஒன்று செய்தது. ஒரு வேட்டைக்காரன், ஒரு கரடி. சுடவா வேண்டாமா என்று நம்மிடம் கேட்பான். பிறகு சுட மனசில்லாமல், வீடியோ சட்டத்துக்கு வெளியே கையை நீட்டி, பக்கத்து விளம்பரத்தில் இருக்கும் ஒயிட்னரை எடுத்து, தலைப்பில் இருக்கும் ‘சுடுகிறான்’ என்ற வினைச்சொல்லையே அழித்துவிடுவான். அந்த இடத்தில் நாம் வேறு சொல் எழுதலாம். ஆடுகிறான் என்று எழுதினால் கரடியோடு ஆடுவான். ஒயிட்னர் எதற்கு? எழுதியதை அழித்து வேறு எழுதத்தான். அது அப்படியே கதையாகிவிட்டது பாருங்கள். ஹோண்டா 2014இல் செய்த படமும் இந்த வகைதான்: விசைப்பலகையில் ஆர் எழுத்தை அழுத்திப் பிடித்தால் சாதா சிவிக் ஓட்டும் பகல்நேர அப்பா மறைந்து, அதே ஆள் இரவில் சிவிக்கின் வேகமான ரகமான டைப் ஆர் காரில் வேறொரு கதைக்குள் போய்க்கொண்டிருப்பார்.

சரி, வினைச்சொல் கிடைத்துவிட்டது. அடுத்துதான் எழுத்தாளருக்கு உண்மையான உழைப்பு. 2004இல் பர்கர் கிங்கின் சிக்கன் சாண்ட்விச்சுக்காக கிறிஸ்பின் போர்ட்டர் ஏஜென்சியும் பார்பேரியன் குரூப்பும் சேர்ந்து ஒரு வலைப்பக்கம் போட்டார்கள். ஒரு வீட்டு ஹால், அதில் கோழி வேஷம் போட்ட ஒரு ஆள், கீழே ஒரு கட்டம். என்ன தட்டச்சு செய்கிறோமோ அதைக் கோழி செய்யும். உங்கள் இஷ்டப்படி வாங்கிக்கொள்ளுங்கள் என்பது அந்தக் கடையின் பழைய வாசகம், அதனால் நம் இஷ்டப்படி ஆடும் கோழி. பார்த்தால் நேரடி வெப்கேம் போலவே இருக்கும், ஆனால் எல்லாமே முன்கூட்டி எடுத்து வைத்த துண்டு வீடியோக்கள், முந்நூறுக்கும் மேல் கட்டளைகள். குதி என்றால் குதிக்கும். சரி, அசிங்கமாக ஏதாவது எழுதினால்? கேமரா கிட்டே வந்து விரலை ஆட்டி ‘தப்பு’ என்று காட்டும். எனக்கு அந்த விரலாட்டல்தான் முக்கியம். இப்படியும் ஒருத்தர் எழுதுவார் என்று எவரோ முன்பே உட்கார்ந்து யோசித்து, அவரையும் விளையாட்டை விட்டு வெளியே அனுப்பாமல் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கதாபாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்று யோசிக்கிற சிறுகதைக்காரருக்கு, வாசகர் அடுத்து என்ன செய்வார் என்று யோசிப்பது தூரமில்லை.

சில சமயம் வினைச்சொல்லை மாற்றினாலே போதும். 1996இல் Chex என்ற காலை உணவு சீரியலின் டப்பாவுக்குள் Chex Quest என்று ஒரு கேமை சிடியாகப் போட்டுக் கொடுத்தார்கள், செய்தது டிஜிட்டல் கஃபே என்ற ஸ்டூடியோ. டூம் என்ற துப்பாக்கி கேமின் எஞ்சின்தான், அதாவது அதை உள்ளே இருந்து இயக்கும் அதே மென்பொருள். ஆனால் குழந்தைகள் சாப்பிடும் பொருளுக்குக் கொலையும் ரத்தமும் ஆகாதே, அதனால் எதிரிகளை யாரும் கொல்வதில்லை, அவர்கள் உலகத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகும் அதை மறக்கவில்லை, 2020இல் புது வடிவம் வந்தது.

எங்கள் அனுபவம் ஒன்று. ஒரு டீத்தூள் கம்பெனிக்கு கேம் செய்தோம். மேலிருந்து விழும் பாக்கெட்டுகளைக் கூடையில் பிடிக்க வேண்டும், கிளையன்ட் அதைத்தான் கேட்டார். ஆபீசில் இருந்தவர்களே இரண்டு தடவைக்கு மேல் ஆடவில்லை. யாராவது டீத்தூளைக் கூடையில் பிடிப்பார்களா? டீயை ஆற்றுவார்கள். அந்தச் சொல் கிடைத்ததும் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, போனைச் சாய்த்து டீ ஆற்றுகிற மாதிரி மாற்றினோம். எதிர்க்கடை டீ மாஸ்டரிடம் போனைக் கொடுத்தேன். அவர் சாய்க்கவே இல்லை, பழக்கத்தில் சர்ரென்று கையை மேலே தூக்கினார், திரையில் ஒன்றும் நடக்கவில்லை. “என்ன தம்பி, கை உயர்ந்தாத்தானே நுரை வரும்?” என்றார். அந்த அசைவுக்கு நாங்கள் பதிலே எழுதி வைக்கவில்லை. மறுநாள் சேர்த்தோம், சட்டென்று தூக்கினால் போனில் இருக்கும் சென்சார் ஓரளவு பிடித்துவிடும். அப்புறம் ஐபோனில் ஒரு சிக்கல் உண்டு, ஆட்டக்காரர் ஒரு பட்டனைத் தொட்டு அனுமதி கொடுக்காமல் பிரவுசருக்கு அந்த சென்சார் திறக்காது. ‘அனுமதி தேவை’ என்று எழுதினால் யாருக்கும் தொடத் தோன்றாது. பட்டனில் “கிளாஸைக் கையில் எடுங்க” என்று எழுதினேன். அந்த மூன்று சொல்லுக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது.

இன்டர்வியூவுக்குப் போகும்போது சிறுகதைத் தொகுப்போடு ஒரு தாளும் கொண்டுபோங்கள். வீட்டில் இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், கொசுவத்தி, தீப்பெட்டி, எதுவாக இருந்தாலும் சரி. அதற்கு ஒரு வினைச்சொல், அதை வைத்துக்கொண்டு ஒருவர் செய்து பார்க்கக்கூடிய 50 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் வரும் என்று ஒரு வரி. கடைசிப் பத்து கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும், அவற்றை அடித்துவிடாதீர்கள்.