அவரை இன்றிரவு தனியாக விடாதீர்கள்

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம்ங்க.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி ஏழு வருஷம், ஒரு பெண் குழந்தை. என் வீட்டுக்காரருக்குக் குடி, சீட்டு எதுவும் கிடையாது. ஆனால் ரப்பர் கையுறை மேல் அப்படி ஒரு மோகம். நான் அதைப் போட்டுக்கொண்டால்தான் அவருக்கு ஆசையே வருகிறது. விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் அட்டாரியில் ஒரு பை நிறையக் கையுறைகளைப் பார்த்ததும் உடம்பே கூசிப்போனது.

நான் என்ன குறை வைத்தேன்? எங்கள் வீட்டில் சீர்செனத்தி குறைவில்லாமல் செய்தார்கள். மாமியாரை என் அம்மா மாதிரிப் பார்க்கிறேன். ஒரு கையுறைக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லை. என்ன குறை என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார். பொறுக்காமல் என் அண்ணனிடம் சொன்னேன். அவர் வந்து பங்காளிகள் காதில் விழும்படி சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து இவருக்குப் படுக்கை தோட்டத்துச் சாளையில்தான், சாப்பாடும் சரியில்லை. நான் இல்லாவிட்டால் உனக்கு நிம்மதிதானே என்று ஒருநாள் கேட்டார். நடிப்பு என்று விட்டுவிட்டேன். இது நோயா? மருந்து உண்டா? பிரிந்துவிடலாமா? ஏழு வருஷம் ஏமாந்திருக்கிறேன் அம்மா.

பெயர் வேண்டாம்

*

அம்மணி,

நோயா என்பதை அப்புறம் பார்க்கலாம். ‘நான் இல்லாவிட்டால் உனக்கு நிம்மதிதானே’ என்ற கேள்வி எனக்கு நடிப்பாகத் தெரியவில்லை. சாப்பாடு குறைந்து, ஒதுங்கிப் படுத்து, இப்படிப் பேசுகிறவரைத் தனியாக விடக் கூடாது. இன்றே வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். சாளையில் பூச்சிமருந்து இருந்தால் அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

இனி கையுறை. இந்த மாதிரி ஈர்ப்பு பெரும்பாலும் வளரும் பருவத்திலேயே, உங்களைப் பார்ப்பதற்கு வெகு முன்பே, படிந்துவிடும். மனைவி குறை வைத்ததால் வருவதில்லை. ஒரு காலத்தில் இதை நோய் என்றே ஒதுக்கினார்கள். 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு, ஆசை வினோதமாக இருப்பதால் மட்டும் நோயாகாது, ஆறு மாதமாவது நீடித்து ஒருவரை வதைத்தாலோ வாழ்க்கையைக் குலைத்தாலோதான் கோளாறு என்று பிரித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடப்பில் உள்ள பட்டியலில் இது தனி நோயாகவே இல்லை.

கையுறை பிடிக்கவில்லையா, மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கூச்சத்தில் தப்பில்லை. ஆனால் அண்ணனிடம் சொன்னதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஏமாற்ற நினைக்கிறவர் மனைவியிடம் இதைக் கேட்டே இருக்க மாட்டார். வாழ்நாளெல்லாம் ஒளித்து வைத்ததை உங்களை நம்பித்தான் காட்டினார். அது பங்காளிகள் காதுவரை போய்விட்டது. இப்போது அவரை வதைப்பது கையுறை அல்ல, அந்த அவமானம்.

ஆசையை அடியோடு அழிக்கும் மாத்திரை கிடையாது. ஷாக் கொடுத்து வெறுக்க வைக்கும் பழைய முறையெல்லாம் கைவிடப்பட்டவை. குற்ற உணர்வைக் குறைத்து, கையுறை இல்லாமலும் நெருக்கம் வரப் பழக்கும் உளவியல் சிகிச்சை உண்டு. பாதி வேலை தம்பதியாக உட்கார்ந்து பேசுவதில்தான் நடக்கும். மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள். லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்களிடம் மட்டும் போகாதீர்கள். ஈரோட்டிலும் கோவையிலும் அரசு மருத்துவமனையிலேயே மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

பிரிவதைப் பற்றி அவர் தேறிய பிறகு யோசியுங்கள். அதற்குள் அண்ணனுக்கு நீங்களே போன் செய்து, இனி இந்தப் பேச்சை யாரிடமும் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.