தைவானுக்கு மகளை அனுப்பலாமா?

ஐயா, மகளுக்குத் தைவானின் சிஞ்சுவில் நான்கு வருட முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, ‘2027ல் சீனா படையெடுக்கும்’ என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் புரிகிறது.

முதலில் அந்த 2027. அதற்குள் தயாராக இருக்கும்படி சீன அதிபர் ஷி ஜின்பிங் ராணுவத்துக்கு உத்தரவிட்டிருக்கிறார் என்று அப்போதைய சிஐஏ தலைவர் வில்லியம் பர்ன்ஸ் 2023ல் சொன்னார். படையெடுக்க முடிவெடுத்துவிட்டார் என்று அதற்கு அர்த்தமில்லை என்றும் அவரே சொன்னார். இந்தப் பாதிதான் செய்திகளில் விட்டுப்போகிறது.

படையெடுப்பு நடக்கும் வாய்ப்பு, என் ஊகத்தில், வருடத்துக்கு 3 சதவீதம். நான்கு வருடத்துக்குச் சேர்த்தால் 11 சதவீதத்தைத் தாண்டும். சின்ன எண் இல்லைதான். ஆனால் சீனாவுக்கும் தைவானுக்கும் நடுவே உள்ள ஜலசந்தி மிகக் குறுகிய இடத்திலேயே சுமார் 130 கிலோமீட்டர். அத்தனை படையைக் கப்பலேற்றுவதை ஒளிக்க முடியாது. வாகனம் ஏற்றும் பயணிகள் கப்பல்கள் தைவானுக்கு எதிரே உள்ள சீன மாகாணமான ஃபூஜியானின் துறைமுகங்களில் குவியும், காயம்படுபவர்களுக்காக ரத்தம் சேமிப்பார்கள். உக்ரைன் எல்லைக்கு ரஷ்யா ரத்தம் கொண்டுபோவதாக 2022 ஜனவரி கடைசியிலேயே செய்தி வந்தது. போர் தொடங்கியது பிப்ரவரி 24. அதுபோல உங்கள் மகளுக்கும் கிளம்பிவர நேரம் கிடைக்கும்.

எனக்குக் கவலை முற்றுகைதான். 2022 ஆகஸ்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் அப்போதைய சபாநாயகர் பெலோசி தைவான் தலைநகர் தைபே வந்துபோன கையோடு சீனப் படையினர் தீவைச் சுற்றிப் பயிற்சி ஆரம்பித்துவிட்டார்கள். முற்றுகைக்கு இவ்வளவு முன்னறிவிப்பு கிடைக்காது.

நானாக இருந்தால் அனுப்புவேன். போனதும் இந்தியா-தைபே சங்கத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். நமக்கு அங்கே தூதரகம் மாதிரி அதுதான். அப்புறம், திரும்பி வரும் டிக்கெட் பணத்தை அவள் கணக்கிலேயே தொடாமல் வைத்துவிடுங்கள்.