ரூட்டர் பக்கம் திறக்கவில்லையா? கேள்வி பதில்

கேள்வி: ரூட்டரின் அமைப்புகளை மாற்றும் பக்கத்தைத் திறக்க 192.168.1.1 என்று அடித்தால் கூகுள் தேடல் முடிவுகள்தான் வருகின்றன. நண்பன் வீட்டில் இதே எண் வேலை செய்கிறதே?

அது உங்கள் நண்பன் வீட்டு ரூட்டரின் முகவரி. உங்கள் வீட்டில் 192.168.0.1 ஆக இருக்கலாம், 10.0.0.1 ஆக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். 192.168 என்று தொடங்கும் எண்கள் எல்லாம் வீடு, அலுவலகம் போன்ற உள் வலைகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. யார் வீட்டில் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதனால் ஊகிக்காதீர்கள், உங்கள் கருவியிடமே கேளுங்கள். விண்டோஸ் என்றால் கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் இருப்பதுதான் உங்கள் ரூட்டர். ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு வட்டத்தைத் தொட்டால் 'ரூட்டர்' என்றே எழுதியிருக்கும். ஆண்ட்ராய்டிலும் இணைப்பின் விவரப் பக்கத்தில் இது கிடைக்கும்.

தேடல் முடிவுகள் வருவதற்குக் காரணம் வேறு. ஒன்று, எண்ணை முகவரிப் பட்டியில் அடிக்காமல் தேடல் பெட்டியில் அடித்திருப்பீர்கள். இல்லையென்றால் 1 என்ற எண்ணுக்குப் பதிலாக ஆங்கில 'எல்' எழுத்து விழுந்திருக்கும். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கேள்வி: கணினியில் பக்கம் வருகிறது, மொபைலில் வரவில்லை. இரண்டும் ஒரே வைஃபைதான், அண்ணா.

முதலில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். வைஃபையில் இணையம் வரவில்லை என்று தோன்றினால் சில போன்கள் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். உங்கள் ரூட்டருக்கான கேள்வி அப்போது செல்போன் கோபுரத்தின் பக்கம் போய் நிற்கும். விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் செயலி) ஓடினாலும் இதே கதைதான், அதையும் நிறுத்துங்கள். அப்புறம் வைஃபையின் பெயரை இன்னொரு முறை பாருங்கள். விருந்தினர் வைஃபையில் இருந்தால், ரூட்டர் பக்கத்தைத் தொடவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

கேள்வி: 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று சிவப்பாக எச்சரிக்கை வருகிறது. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. பாதுகாப்பான இணைப்புக்குச் சான்றிதழ் தேவை, வீட்டுக்குள் மட்டும் இருக்கும் ரூட்டருக்கு அதை வெளியிலிருந்து யாரும் தருவதில்லை. அது தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சான்றிதழை நீட்டுகிறது, பிரவுசர் அதை நம்ப மறுக்கிறது. முகவரி உங்கள் கேட்வே எண்ணேதான், நீங்கள் இருப்பதும் உங்கள் வீட்டு வைஃபையில்தான் என்றால், 'மேம்பட்டவை' என்பதை அழுத்தி உள்ளே போகலாம். வெளியிடத்து வைஃபையில் இதே எச்சரிக்கை வந்தால் மட்டும் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: பக்கம் வந்துவிட்டது. வைஃபை பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன், ஏற்கவில்லை. ரீசெட் பண்ணிவிடட்டுமா சார்?

கொஞ்சம் பொறுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரூட்டர் பக்கத்துக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு வேறு. ரூட்டரைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாக அச்சாகியிருக்கும். பல பழைய மாடல்களில் பயனர் பெயர், அட்மின் பாஸ்வேர்டு இரண்டுமே 'அட்மின்' (admin) என்றே இருக்கும். இணைப்பு கொடுக்க வந்தவர் அதை மாற்றியிருக்கலாம், அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தொடர்ந்து தவறாகப் போட்டால் சில ரூட்டர்கள் கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் திறக்காது, காத்திருந்து போடுங்கள்.

ரீசெட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். குண்டூசி நுழையும் அந்தச் சின்னத் துளையைப் பத்து விநாடி அழுத்தினால் விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும், அட்மின் பாஸ்வேர்டும் பழையபடி ஆகிவிடும். கூடவே உங்கள் இணைய இணைப்பின் அமைப்பும் போய்விடும். ரூட்டர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ (PPPoE) வகை இணைப்பு என்றால் சேவை நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மறுபடி வேண்டும். ஃபைபர் இணைப்புகளில் விலான் (VLAN) எண் ஒன்றும், அதாவது எந்தத் தடத்தில் இணையம் வருகிறது என்று காட்டும் எண்ணும், இருக்கலாம். அது தவறினால் ரூட்டர் பக்கம் அழகாகத் திறக்கும், இணையம் மட்டும் வராது. ஆகவே முதலில் அந்த விவரங்களை வாங்கித் தாளில் எழுதி வையுங்கள், துளையில் கை வைப்பது அதற்குப் பிறகு. சேவை நிறுவனம் கொடுத்த பெட்டி என்றால் அவர்களைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கேள்வி: சேவை நிறுவனப் பெட்டியோடு என் சொந்த ரூட்டரையும் இணைத்து, அதை வைஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் ஆக மாற்றினேன். அதிலிருந்து அதன் பக்கத்தையே காணோம்.

காணாமல் போகவில்லை, முகவரி மாறிவிட்டது. ஆக்சஸ் பாயின்ட் ஆனதும் பெரும்பாலான ரூட்டர்கள் முகவரி கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு, முதல் பெட்டியிடம் தங்களுக்கே ஒரு முகவரி வாங்கிக்கொள்ளும். முதல் பெட்டியின் பக்கத்துக்குப் போய், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் உங்கள் ரூட்டரின் பெயரையோ, ஸ்டிக்கரில் உள்ள மேக் (MAC) எண்ணையோ, அதாவது கருவியின் அடையாள எண்ணையோ, தேடுங்கள். எதிரே இருக்கும் எண்தான் புது முகவரி.

கேள்வி: லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறது. கேட்வே காலியாக இருக்கிறது.

ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்பதால் லேப்டாப் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ரூட்டரை அணைத்து மறுபடி போட்டுவிட்டு, லேன் கேபிளால் நேராக இணைத்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் லேப்டாப்பின் வலை அமைப்பில் முகவரியைக் கையால் கொடுக்கலாம். ஸ்டிக்கரில் 192.168.1.1 என்று இருந்தால் லேப்டாப்புக்கு 192.168.1.50, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. பக்கம் திறந்ததும், கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி (DHCP) வசதி அணைந்திருக்கிறதா என்று பார்த்து அதை இயக்குங்கள். பிறகு லேப்டாப்பைத் தானியங்கி முறைக்குத் திருப்பிவிடுங்கள். மறந்தால் வேறு இடத்து வைஃபையில் போய் இணையம் வரவில்லை என்று தவிப்பீர்கள்.

கேள்வி: வெளியூரில் இருக்கும்போது இந்தப் பக்கத்தைத் திறக்க முடியுமா?

'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்ற வசதி பல ரூட்டர்களில் உண்டு. நான் இயக்கச் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் திறக்கும் கதவு உலகத்துக்கே தெரியும், பாஸ்வேர்டு 'அட்மின்' என்றே இருந்தால் கேட்கவே வேண்டாம். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால் உள்ளே போனதும் முதலில் அதை அணையுங்கள்.